பதினான்கு நிமிடங்கள்

ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்த பிறகும் கிழித்துப் போடாமல் பிரித்திருக்கிறாய் என்றால், இன்னும் கொஞ்சம் பொறுத்துப் படித்துவிடு. உன் முகவரியை ஒல்லியிடம் வாங்கினேன். அவனைத் திட்டாதே. பள்ளிக்கூடத்துச் சிநேகிதனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவனும் எவ்வளவோ முறுக்கிக்கொண்டுதான் இருந்தான். மூன்று நாள் அவன் கடை வாசலில் நின்று, வருகிறவர்களிடமெல்லாம் பேச்சுக் கொடுத்தேன். வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்துபோய் எழுதிக் கொடுத்துவிட்டான். போன் நம்பரை மட்டும் தரவில்லை. அதுவும் நல்லதுதான். என் வாய் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். காகிதத்தில் என்றால் எழுதியதை அடித்துவிடலாம்.

இங்கே எல்லோரும் இருக்கிறோம். உன் மாமா இனிமேல் லாரி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டதாம். இருபத்தாறு வருஷம் ஊர் ஊராகச் சுற்றிய மனுஷன் இப்போது ஜன்னல் ஓரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தெருவில் போகிற ஒவ்வொரு டிரைவருக்கும் மார்க் போடுகிறார். இதுவரை எவனும் பாஸாகவில்லை. நாள் முழுக்க இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

எங்கே என்று சொன்னால் நம்பமாட்டாய். ஆம்புலன்ஸ் கன்ட்ரோல் ரூமில். இந்த வட்டாரம் முழுவதிலும் ஓடுகிற நாற்பத்து மூன்று ஆம்புலன்ஸையும் இங்கிருந்துதான் அனுப்புகிறார்கள். அக்கா பெரிய உத்தியோகத்தில் உட்கார்ந்துவிட்டாள் என்று நினைத்துவிடாதே. தரையைப் பெருக்கித் துடைக்க வேண்டும், டீ போட்டு மேஜை மேஜையாகக் கொடுக்க வேண்டும். காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை.

ஊரில் வேறு இடமே கிடைக்கவில்லையா என்று உன் மாமா கேட்டார். கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் ஒன்று, துணிக்கடையில் ஒன்று. இதைத்தான் நான் கேட்டு வாங்கினேன். அப்பா விழுந்த அன்று காலை, நீ போன் செய்து பதினான்கு நிமிடம் கழித்துத்தானே வண்டி வந்தது? அந்தப் பதினான்கு நிமிடமும் இவர்கள் எதைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள் என்று என் கண்ணால் பார்க்க வேண்டும். ஆறு வருஷமாக இது எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

இன்னொன்றும் நிற்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில், இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனதும், அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் நான் உன்னைப் பார்த்துச் சொன்னது. "எதிர் வீட்டு டாக்சி வாசல்லயே நிக்குது. தூக்கிப் போட்டுக்கிட்டு வராம வண்டி வரும், வண்டி வரும்னு வீட்லயே உட்கார்ந்திருந்திருக்கே. அப்பாவை அனுப்பி வெச்சது நீதான்டா." நான் ஒரு எழுத்தையும் மறக்கவில்லை. நீயும் மறந்திருக்கமாட்டாய். எதைச் சொன்னாலும் "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டி, "சரிங்க சாமி" என்று என்னிடமே பட்டப்பெயர் வாங்கியவன் நீ. அன்று அதைக்கூடச் சொல்லவில்லை. மூன்றே வாரத்தில் ஊரை விட்டுப் போய்விட்டாய்.

அன்று நான் சொன்னது நியாயம்தான் என்று பாதி மனசு இன்னும் சொல்கிறது. உன்னிடம் பொய் எழுத மாட்டேன். மீதிப் பாதி என்னைப் போட்டுப் பிடுங்குகிறது. அங்கே நீ வேலை பார்க்கிற கப்பல் பட்டறையில் குளிர் அதிகம் என்று ஒல்லி சொன்னான். காதை மூடிக்கொண்டு போ. சின்ன வயதிலிருந்தே உனக்குக் காது ஆகாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

வியாழக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு மாதமாகிறது, உன்னிடமிருந்து பதில் இல்லை. போகட்டும். பதில் வந்தால்தான் பேசுவேன் என்று இருக்கிற ஆளா நான்? ஆனால் ஒன்று சொல்கிறேன், இங்கே வந்து நான் வாயடைத்துப்போய் நிற்கிறேன். உன் மாமா இதைக் கேட்டுவிட்டு, அந்தக் கன்ட்ரோல் ரூமுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும் என்கிறார்.

முதல் நாள் உள்ளே நுழையும்போது சந்தைக்கடை மாதிரி இருக்கும், ஓட்டமும் கூச்சலுமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். நம்ப மாட்டாய், விளக்குமாறு தரையில் உரசுகிற சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. சுவர் முழுக்க ஒரு திரை. அதில் வட்டாரத்தின் படம். ஒவ்வொரு ஆம்புலன்ஸும் ஒரு புள்ளி. சும்மா இருந்தால் பச்சை, ஆளை எடுக்கப் போனால் மஞ்சள், ஆளோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் சிவப்பு. முதல் வாரம் நான் துடைப்பத்தைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்று இரண்டு முறை திட்டு வாங்கினேன். பார்க்காமல் எப்படி இருப்பது? ஒரு புள்ளி பச்சையிலிருந்து மஞ்சளாகும். எங்கோ ஒரு வீட்டில் யாரோ தலையில் கைவைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று அர்த்தம். அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது, இங்கே ஒரு டீக்காரி அவர்களுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று.

போன் எடுத்ததும் இவர்கள் முதலில் கேட்பது என்ன ஆச்சு என்று அல்ல. எங்கே இருக்கிறீர்கள் என்றுதான். லைன் கட்டானாலும் இடம் தெரிந்தால் போய்விடலாமாம். அதற்கப்புறம் வயது என்ன, நினைவு இருக்கிறதா, மூச்சு விடுகிறாரா என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்டியை அனுப்புங்கடா என்றால் உட்கார்ந்து கதை கேட்கிறார்களே என்று, கெட்டிலைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன். அப்புறம்தான் கவனித்தேன். இடத்தைச் சொல்லி, இன்ன ஆபத்து என்று ஒரு வார்த்தை சொன்னதுமே எதிர் மேஜையில் இருப்பவர் வண்டியைக் கிளப்பிவிடுகிறார். மீதிக் கேள்வியெல்லாம் போய்க்கொண்டிருக்கிற வண்டிக்காரர்களுக்காக. நாம் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்லும்போது வண்டி இரண்டு தெரு தாண்டியிருக்கும். இது நம்மில் யாருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியாது.

வண்டியை அனுப்புகிற அந்த மேஜைக்காரருக்கு இங்கே ஜோசியர் என்று பெயர். ஒன்றுமே நடக்காத இடத்துக்கு அவர் வண்டியை அனுப்புவார். ஒரு புள்ளி சிவப்பாகி ஆஸ்பத்திரி பக்கம் போனால், அந்தப் பகுதி காலியாகிவிடுமே. உடனே பக்கத்துப் புள்ளியைக் கொஞ்சம் நகர்த்தி, இரண்டு பகுதிக்கும் நடுவில் ஒரு பெட்ரோல் பங்கிலோ பாலத்தடியிலோ நிறுத்திவைப்பார். அடுத்த போன் எங்கிருந்து வந்தாலும் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் ஒரு வண்டி இருக்க வேண்டும். நாள் முழுக்க இதே நகர்த்தல்தான். டீ ஆறிப்போய்விடும், தொடமாட்டார்.

எங்கள் வீட்டு ஜன்னலுக்கு எதிரே பெட்ரோல் பங்க் ஓரத்தில் அடிக்கடி ஓர் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும், உனக்கு நினைவிருக்கும். சும்மா நின்று பொழுதைப் போக்குகிறார்கள் என்று உன் மாமா அவர்களுக்கு முட்டை மார்க்தான் போடுவார். நான் போய் விஷயத்தைச் சொன்னேன். மறுநாள் அந்த டிரைவருக்கு நூற்றுக்கு எழுபது கொடுத்துவிட்டார். வண்டியை நிறுத்தும்போதே முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பி நிறுத்துகிறானாம். அவனுக்கு வேலை தெரியும் என்கிறார்.

இதையெல்லாம் சொன்னதற்குக் காரணம் வேறு. போன வாரம் டீ கொண்டுபோகும்போது, போன் எடுக்கிற பெண்களில் ஒருத்தி "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று எண்ணிக்கொண்டிருந்தாள். நாலு முடிந்ததும் திரும்பவும் ஒண்ணு. என்னடா, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை மாதிரி எண்ணுகிறாளே என்று எனக்குச் சிரிப்புகூட வந்தது. பார்த்தால் அவள் கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. பக்கத்து மேஜைகள் எல்லாம் குரலைத் தாழ்த்திக்கொண்டன. அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண், தன் புருஷனின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கிறாளாம். இதயம் நின்றுவிட்டால் வண்டி வருகிறவரை வெளியிலிருந்து அழுத்தி ரத்தத்தை ஓட்ட வேண்டுமாம். வேகம் தப்பாமல் இருக்க இவள் எண்ணிக் கொடுக்கிறாள். ஆறு நிமிடம் எண்ணினாள். வண்டி போய்ச் சேர்ந்ததும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு டீயை வாங்கிக்கொண்டாள். ஆள் பிழைத்தாரா என்று கேட்டேன். தெரியாது அக்கா, எங்களுக்குக் கடைசி தெரியாது என்றாள். வண்டி வந்ததும் லைன் முடிந்துவிடும். அடுத்த போன் அடிக்கும்.

அன்றிலிருந்து எனக்குள் ஒன்று கிடந்து குடைகிறது. அந்தப் பதினான்கு நிமிடமும் வண்டிக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்கத்தான் இங்கே வந்தேன். நீ என்ன செய்தாய் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. டாக்சிக்காரர் சொன்னதைக் கேட்டேன், டாக்டர் சொன்னதைக் கேட்டேன். உன்னைக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். ஒரு வரி எழுது.

அக்கா

*

செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

நீ எழுத வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

இன்றைக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். மாடியில் ஒரு வகுப்பறை இருக்கிறது. போன் எடுக்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அங்கேதான் பாடம். நடத்துகிற அம்மாவை எல்லோரும் டீச்சர் என்பார்கள். முன்பு இதே கன்ட்ரோல் ரூமில் பல வருஷம் போன் எடுத்தவர். கண்டிப்பு என்றால் அப்படி ஒரு கண்டிப்பு. நான் டீ கொண்டுபோனால்கூட இரண்டு நிமிடம் பிந்திவிட்டேன் என்பார். இன்று எட்டுப் பேர் புதிதாக உட்கார்ந்திருந்தார்கள். நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். பழைய போன் ஒன்றைப் போட்டுக் காட்டப் போகிறேன், நல்லபடி நடந்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள் என்றார். ஊர், பேர், தெரு எதுவும் வராமல் வெட்டிவிட்டு வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் சும்மா காற்று மாதிரி ஒரு சத்தம் வரும்.

முதலில் டீச்சரின் குரல். கொஞ்சம் இளமையாக இருந்தது. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். பதில் வரும் இடத்தில் காற்று. என்ன ஆச்சு என்றார். எங்க அப்பா விழுந்துட்டாரு, மூச்சு ஒரு மாதிரி இழுக்குது என்று ஒரு குரல். தரையில் மல்லாக்கப் படுக்கவையுங்கள் என்றார். "சரிங்க" என்றது.

கண்ணைக் கட்டி விட்டாலும் எனக்கு அந்தச் "சரிங்க" தெரியாதா? ஊற்றிக்கொண்டே இருக்கிறேன். டம்ளர் நிறைந்து மேஜையில் ஓடி, ஒரு பையனின் நோட்டை நனைத்து, தரைக்கு இறங்கிவிட்டது. யாரும் என்னைத் திட்டவில்லை. எல்லோரும் உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வையுங்கள் என்றார். சரிங்க. அப்படி இழுப்பது மூச்சே இல்லை, இதயம் நின்றுவிட்டது, நெஞ்சுக்கு நடுவில் இரண்டு கையையும் வைத்து வேகமாக அழுத்துங்கள் என்றார். சரிங்க. அவர் எண்ண, நீயும் சேர்ந்து எண்ண ஆரம்பித்தாய். அதற்குள் எதிர் வீட்டு டாக்சிக்காரர் வந்துவிட்டார். தூக்குப்பா, வண்டியில போட்டுக்கிட்டுப் போயிடலாம் என்று அவர் கத்துவதும் கேட்டது. நீ எண்ணுவதை நிறுத்தாமல், நடுவில் மூச்சு வாங்கியபடி கேட்டாய்: "டாக்சி இருக்குங்க. போயிடட்டுமா?"

டீச்சர் சொன்னார்: "டாக்சில ஏத்தினா உங்க கை நின்னுடும். எங்க வண்டி கிளம்பிடுச்சு. நீங்க கையை மட்டும் நிறுத்தாதீங்க."

"சரிங்க" என்றாய்.

தம்பி, நான் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். டாக்சிக்காரரைக் கொஞ்சம் மாற்றி அழுத்தச் சொல்லுங்கள் என்று டீச்சர் சொல்கிறார். ஐயோ எனக்குத் தெரியாதுப்பா என்று அவர் வெளியே போய்விடுகிறார். அப்புறம் வீட்டில் நீயும் அப்பாவும்தான். ஏழாவது நிமிடம் உன் குரல் உடைகிறது. அழுகிறாய். அழுதுகொண்டே எண்ணுகிறாய். ஒரு நம்பர்கூடத் தப்பவில்லை. மூணுக்கு அப்புறம் நாலு, நாலுக்கு அப்புறம் ஒண்ணு. கணக்கில் எப்போதும் பெயிலாகி அப்பாவிடம் அடி வாங்கின பயல் நீ.

கடைசியில் சைரன் கேட்டது, காலடிச் சத்தம் கேட்டது. அவங்க வந்துட்டாங்க, இனி கையை எடுக்கலாம் என்றார் டீச்சர். "எடுக்கலாமா?" என்று கேட்டாய். எடுக்கலாம் என்றார். அப்போது நீ கேட்டாய்: "எடுத்தா ஒண்ணும் ஆகாதே?"

அதோடு லைன் முடிந்துவிட்டது. பதில் இல்லை.

வண்டியில் போகிற பயிற்சி பெற்ற ஊழியர்களே இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொள்வார்கள், அவ்வளவு கஷ்டம் அது என்றார் டீச்சர். இந்தத் தம்பி ஒற்றை ஆளாகக் கிட்டத்தட்டப் பதினான்கு நிமிடம் அழுத்தினார், என் காலத்தில் இப்படி ஒருவரை நான் போனில் கேட்டதில்லை, ஆறு வருஷமாக ஒவ்வொரு வகுப்புக்கும் இவரைத்தான் போட்டுக் காட்டுகிறேன் என்றார். ஆறு வருஷம்! நான் உன்னை ஊரெல்லாம் தூற்றிக்கொண்டிருந்த அதே ஆறு வருஷம் இங்கே உன்னை வைத்துப் பாடம் நடத்தியிருக்கிறார்கள்.

எல்லோரும் போன பிறகு மேஜையைத் துடைத்துவிட்டு, அது என் தம்பி என்று சொன்னேன். அந்தம்மா முதலில் கேட்டது, அப்பா இருக்கிறாரா என்றுதான். அன்று சாயங்காலம் போய்விட்டார் என்றேன். சாயங்காலமா, அதுவரை இருந்தாரா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஆமாம், எட்டரை மணிக்குள் ஆஸ்பத்திரிக்கு வந்தவர் நாலு மணி வரை இருந்தார், கண் திறக்கவில்லை, ஆனால் கை சூடாக இருந்தது, நான் பிடித்துக்கொண்டே இருந்தேன் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். உங்க தம்பி கை நின்றிருந்தால் ஆஸ்பத்திரி வாசல்வரைகூட வந்திருக்கமாட்டார் என்றார். அன்று நம் பகுதி வண்டி ஒரு பிரசவத்துக்குப் போயிருந்ததாம். அடுத்த பகுதி வண்டியை ஜோசியர் நம் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்ததால்தான் பதினான்கு நிமிடம். இல்லாவிட்டால் அரை மணி ஆகியிருக்குமாம்.

அப்படியானால் அந்த ஏழரை மணி நேரம் எனக்கு எங்கிருந்து வந்தது? முகம் தெரியாத ஒருவர் இங்கே புள்ளியை நகர்த்த, இன்னொருவர் எண்ணிக் கொடுக்க, நீ அழுத்திக் கொடுத்தது அது. அதை வாங்கிக்கொண்டு, அப்பா கையை ஆசைதீரப் பிடித்துக்கொண்டு, வெளியே வந்து வராந்தாவில் நின்ற உன்னைப் பார்த்து அந்த வார்த்தை சொன்னேன். நீ அப்போதும் வாய் திறக்கவில்லை. போன் எடுத்த அம்மா போகாதே என்றார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அழுத்தியது போதவில்லையோ என்று உனக்கே சந்தேகம், அதனால்தானே சொல்லவில்லை?

நான் சொன்னது தப்பு. பாதி தப்பு, மீதி நியாயம் என்றெல்லாம் இல்லை. முழுத் தப்பு. வீட்டுக்கு வந்து உன் மாமாவிடம் சொன்னேன். அப்பா வீட்டுத் தெருவுக்குப் போய் எதிர் வீட்டு டாக்சிக்காரரிடமும் சொன்னேன். அன்று வராந்தாவில் இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் இந்த வாரம் போய்ச் சொல்லப்போகிறேன். எந்த வாயால் சொன்னேனோ அந்த வாயாலேயே சொல்வேன். உனக்கு எத்தனை மார்க் என்று உன் மாமாவிடம் கேட்டேன். மனுஷன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்தப் பதிவை இனியும் வகுப்பில் போடலாமா, வேண்டாமா என்று உன்னிடம் கேட்கச் சொன்னார் டீச்சர். அதற்காவது பதில் எழுது. எழுதப் பிடிக்காவிட்டால் நேரில் வந்து சொல். உன்னை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று இங்கே ஒரு மாடி நிறைய ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

அன்று நீ கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே, தம்பி. நான் சொல்கிறேன், கேட்டுக்கொள். ஒன்றும் ஆகாதுடா. நீ செய்ய வேண்டியதை எல்லாம் செய்துவிட்டாய். நாங்கள் வந்துவிட்டோம். இனி கையை எடு.

உன் அக்கா